டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா... மழையில உங்க சைக்கிள் நிக்குமா?

உறையூர்ல இருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை சைக்கிள் மிதிக்கிற ஆளா நீங்க? வெயில்ல எந்த பிரேக்கும் ஓகேதான். ஐப்பசி மழையிலதான் வித்தியாசம் தெரியும்.

ரிம் பிரேக்கில், ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கின்றன. விளிம்பு நனைந்திருந்தால், கட்டை முதலில் தண்ணீரை வழித்த பிறகே பிடி கிடைக்கும். அதற்குள் சைக்கிள் சில அடி ஓடிவிடும்.

டிஸ்க், சக்கரத்தின் நடுவில், தேங்கிய தண்ணீருக்கு எட்டாமல் இருக்கிறது. அதனால் மழையிலும் சட்டென பிடிக்கும். ஆனால் விலை, எடை இரண்டும் கூடுதல். செயினுக்கு விடும் எண்ணெய் டிஸ்கில் பட்டால் பிடி போச்சு!

பிளஸ் ஒன்ல அரசு தந்த சைக்கிளா? அது ரிம் பிரேக்தான். கவலை வேண்டாம், கட்டை மாற்ற தெருமுனைக் கடையே போதும். தேய்ந்த கட்டையோடு மட்டும் பாலம் ஏறாதீங்க. மழையில் கொஞ்சம் முன்னாடியே, ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிங்க.