கம்பெனியின் கணக்கு நோட்டை நாமும் பார்க்கலாம்



பேராவூரணி பகுதியில் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது இப்போதெல்லாம் ஒரு புதுக் கேள்வி வருகிறது. "எம் பேர்ல மவன் ஷேர் வாங்கிப் போட்டிருக்கான். வருசத்துக்கு ஒரு தடவ கம்பெனியிலேர்ந்து இங்கிலீஷ்ல ஏதோ வருது, அது என்னாங்க?" என்று கேட்கிறார்கள். அதுதான் ஆண்டறிக்கை.

நமக்கு இது புதுசு இல்லை. வருடத்துக்கு ஒரு முறை நம் குழுக் கணக்கைத் தணிக்கை செய்கிறோம். சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வங்கிக்குப் பாக்கி எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறோம். கம்பெனியும் அதையேதான் செய்கிறது. மார்ச் 31-ல் கணக்கை முடித்து, செப்டம்பர் 30-க்குள் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நடத்த வேண்டும். 21 நாள் முன்னாலேயே நோட்டீஸ் வர வேண்டும். ஒரே ஒரு ஷேர் இருந்தாலும் நீங்கள் பங்குதாரர்தான். கேள்வி கேட்கலாம், ஓட்டுப் போடலாம்.

அறிக்கை 200, 300 பக்கம் இருக்கும். முன்னால் வண்ணப்படமும் தலைவர் உரையும் வரும். கல்யாணப் பத்திரிகை மாதிரி அதைப் பார்த்துவிட்டுத் தள்ளி வையுங்கள். நஷ்டம் வந்த வருடத்திலும் அந்தப் பக்கங்கள் அழகாகத்தான் இருக்கும். விஷயம் பின்னால் உள்ள கணக்கில் இருக்கிறது.

கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பக்கம் பலருக்கும் தெரிந்த பெயர். வங்கியில் 90 நாளுக்கு மேல் தவணை கட்டாத கடனை வாராக்கடன் என்று எழுதுவார்கள். நம் குழுவில் "அந்தக்கா மூணு மாசமா கட்டலை" என்று சொல்கிறோமே, அதேதான். இந்த வங்கி கொடுத்திருந்த ஒவ்வொரு 100 ரூபாய் கடனிலும் 2018 மார்ச்சில் சுமார் 10 ரூபாய் வாராக்கடன். 2019 மார்ச்சில் 15 ரூபாய். 2020 மார்ச்சில் 25 ரூபாய். மூன்று வருடமும் நஷ்டம், ஒவ்வொரு வருடமும் 500 கோடிக்கு மேல். யாரும் மறைக்கவில்லை, எல்லாம் வங்கியே வெளியிட்ட அறிக்கையில் இருந்தது. ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்க்காமல் மூன்று வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

2020 செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் 7 இயக்குநர்கள் வேண்டாம் என்று பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. நவம்பர் 17-ல் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. நவம்பர் 27-ல் டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட் போட்டவர்கள் பணம் அப்படியே கிடைத்தது. ஷேர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை, பங்கு முழுவதையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரே வங்கிதான். டெபாசிட் என்பது நாம் கொடுத்த கடன். ஷேர் என்பது நாம் போட்ட முதல். நஷ்டம் வந்தால் முதலில் கரைவது முதல்தான்.

ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் தணிக்கையாளர் அறிக்கையை முதலில் தேடுங்கள். கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்று எழுதியிருப்பார். அதோடு "ஆனால்", "இது நீங்கலாக" என்று ஏதாவது சேர்த்திருந்தால் அந்த இடத்தில் நின்று படிக்கச் சொல்லுங்கள். கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதே சந்தேகம் என்று சில சமயம் எழுதியிருக்கும். அதைவிடப் பெரிய எச்சரிக்கை இல்லை.

அடுத்தது ரொக்க வரவு செலவு. நம் தோப்பில் வெட்டிய தேங்காயை வியாபாரி லாரியில் ஏற்றிப் போய்விட்டார், 20,000 ரூபாய் லாபம் என்று நோட்டில் எழுதியாச்சு. பணம் இன்னும் வரவில்லை. உரக்கடைக்கு எதைக் கொடுப்பது? கம்பெனியிலும் லாபம் காகிதத்தில் ஏறிக்கொண்டே போய், கைக்கு ரொக்கம் வராமல் இருக்கலாம். முதலாளியின் சொந்தக்காரர் கம்பெனிகளுக்குப் பணம் போயிருக்கிறதா என்பதற்கும் தனிக் குறிப்பு உண்டு. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

இதையெல்லாம் பார்த்தாலும் ஏமாற இடமுண்டு. ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியின் தலைவரே 2009 ஜனவரி 7-ல் ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒத்துக்கொண்டார். தணிக்கையாளர் கையெழுத்துப் போட்ட கணக்குதான் அது. எவ்வளவு நல்ல கம்பெனி என்றாலும் முழுப் பணத்தையும் ஒன்றிலேயே போட வேண்டாம் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியின் அறிக்கையை யார் வேண்டுமானாலும் செல்போனில் இலவசமாக எடுக்கலாம். படித்த பிள்ளைகளை மேலே சொன்ன பக்கங்களை மட்டும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை. ஆனால் ஊருக்குள் வந்து மாதத்துக்கு 10 வட்டி தருகிறோம் என்று பணம் கேட்கிறவர்களிடம் காட்டுவதற்கு இப்படி ஒரு அறிக்கை இருக்காது. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்று டெபாசிட் வாங்கும் நிதி நிறுவனம்கூட வருடத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். பணம் கேட்டு யாராவது வந்தால் கொடுப்பதற்கு முன் அந்தப் பெயரைக் குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். சேர்ந்தே பார்த்துவிடலாம்.