சொந்த ஊரில் விருந்தாளி

தொண்டைமானாற்றுப் பாலத்தைத் தாண்டினால், கடல்நீரேரிக் காற்று முகத்தில் அடிக்கும் தூரத்தில் ஒரு பழைய நாற்சார வீடு. என் உம்மாவின் இளமைக்காலச் சிநேகிதி அங்கே பிறந்து வளர்ந்தவர். 1988இல் கனடா போனார். கணவர் இறந்த பிறகு, “கடைசிக் காலத்தைத் தங்கச்சியோடு கழிக்கப் போகிறேன்” என்று ஊர் வந்து சேர்ந்தார். நான் அவரைப் பார்க்கப் போனபோது, தேநீர்க் கோப்பையைத் தந்துவிட்டுக் கடவுச்சீட்டையும் எடுத்து நீட்டினார்.

“பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. நான் பிறந்த வீட்டிலை நான் சுற்றுலாப் பயணியாம். இன்னும் பதினொரு நாள்தான் இருக்காம்!”

“அன்ரி, ஊருக்கு வர முந்தி யாரிட்டையும் கேட்கேல்லையா?”

“என்ர ஊருக்கு வர நான் யாரிட்டைக் கேக்கிறது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் சட்டத்திடம் இருக்கிறது. இலங்கையர் ஒருவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், உரிய அனுமதியை முன்கூட்டியே பெற்றிருந்தாலன்றி, இலங்கைக் குடியுரிமையை இழந்துவிடுகிறார். அதன்பின் அவர் இங்கே வெளிநாட்டவர். சுற்றுலா வீசா முதலில் 30 நாட்களுக்குத்தான். அதை நீடிக்கலாம் என்றாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒருவர் குடியிருக்க முடியாது.

அப்படியானால் சுற்றுலா வீசாவை ஓய்வுகால வீசாவாக மாற்றிக்கொள்ளலாமா? அன்ரியின் மருமகன் இந்த யோசனையைத்தான் சொல்லியிருந்தார். தாய்லாந்தில் இது பழக்கமான வழி. 50 வயது நிரம்பியவர் சுற்றுலாப் பயணியாக உள்ளே வந்து, வீசா முடிய 15 நாட்களாவது மீதமிருக்கும்போது குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்து, முதலில் 90 நாள் வீசாவும் பின்னர் ஓராண்டு நீடிப்பும் பெறலாம். அந்நாட்டு வங்கியில் 8 இலட்சம் பாத் வைப்பு அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும்.

இலங்கையிலும் 55 வயதைத் தாண்டிய வெளிநாட்டவருக்கு ‘என் கனவு இல்லம்’ என்ற வீசாத் திட்டம் உண்டு. இதற்கு 15,000 அமெரிக்க டொலர் நிலையான வைப்பு வேண்டும். மாதந்தோறும் 1,500 டொலர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். உடன் தங்கியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் மேலும் 750 டொலர். வீசா இரண்டு வருடங்களுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். முறையான வழி, முதலில் அனுமதி பெற்று அதற்குரிய நுழைவு வீசாவுடன் வருவதுதான். சுற்றுலா வீசாவில் வந்துவிட்டவர், அது முடிவடையுமுன்பே பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும். தொகைகள் மாறக்கூடியவை, பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. வட்டியைத் தவிர்க்கும் நமது குடும்பங்கள், இலாபப் பங்கீட்டு முறையிலான வைப்பு ஏற்கப்படுமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

அன்ரியும் நானும் கொப்பியில் கணக்குப் போட்டோம். கனடாவின் முதியோர் ஓய்வூதியம் மட்டுமே அவருக்கு வருகிறது. 1,500 டொலருக்குக் கிட்டவும் வரவில்லை. அங்கேயும் ஒரு விதி உண்டு. 18 வயதுக்குப் பிறகு 20 வருடங்களாவது கனடாவில் வாழ்ந்தவருக்கே அந்த ஓய்வூதியம் வெளிநாட்டிலும் தொடர்ந்து கிடைக்கும். வருமானம் குறைந்தோருக்கான மேலதிகக் கொடுப்பனவோ, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். இதை அறியாமல் மூட்டை கட்டி வந்து தவிப்போர் உண்டு.

அன்ரிக்கு முன்னே இருந்தது வேறு கதவு. இரட்டைக் குடியுரிமை! 1987ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதற்கு வழி திறந்தது. முன்னாள் இலங்கையர் விண்ணப்பிக்கக்கூடிய பிரிவுகளில் ஒன்று, 55 வயதைக் கடந்திருப்பது. இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி விற்பது பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. இரட்டைக் குடியுரிமை உள்ளவரை அந்தத் தடை கட்டுப்படுத்தாது.

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பழைய இலங்கைக் கடவுச்சீட்டு, கனடாக் குடியுரிமைச் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று ஆகியவற்றைத் தேடத் தொடங்கினோம். இடப்பெயர்வுகளில் எத்தனையோ வீடுகளில் காகிதங்கள் அழிந்தன. அன்ரியின் பழைய கடவுச்சீட்டோ தங்கை வீட்டு பிஸ்கற் ரின்னுக்குள் பத்திரமாக இருந்தது! பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெற்றார். முதலில் சுற்றுலா வீசாவை நீடித்துக்கொண்டு, பிறகுதான் குடியுரிமை விண்ணப்பத்தைக் கொடுத்தார். அந்த ஒழுங்கு முக்கியம். விண்ணப்பம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக வீசா இல்லாமல் இருந்துவிட முடியாது. தவணை கடந்தால் தண்டப்பணமும் தலைவலியும்தான்.

சகோதரிகளே, இலண்டனிலும் கனடாவிலும் நமக்கும் உறவுகள் இருக்கின்றனர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களிலும் கடல் கடந்தவர்கள் உண்டு. உம்மாவோ சாச்சியோ முதுமையில் ஊர் திரும்ப ஆசைப்பட்டால், விமானச்சீட்டு வாங்குமுன் மூன்று விடயங்களைக் கேளுங்கள். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு? எந்த வீசா? ஓய்வூதியம் பின்னால் வருமா? ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் தனித்து நிற்பது விதவைத் தாய்தான்.

அன்ரியின் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். முற்றத்தில் முருங்கை நட்டிருக்கிறாராம். “காய்க்கிறதுக்குள்ளை நான் இந்த ஊராள் ஆகிடுவன், பாரன்” என்றார். இன்ஷா அல்லாஹ் என்றேன்.