அட்டைத் திரைக்கு அப்பால் ஒரு கை

விஞ்ஞானப் போட்டிகளில் மாணாக்கர் கண்ட மருத்துவ உண்மைகள் என்றதும் கொடிய நோய்களுக்குப் புதுமருந்து தேடிய சிறுவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். என் மனத்தில் நிலைத்து நின்ற சிறுமியோ எந்த மருந்தையும் கண்டவளல்லள்.

1996ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்தில், 9 வயதான எமிலி ரோசா நாலாம் வகுப்பு விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு பொருளைத் தேடினாள். ‘சிகிச்சைத் தொடுகை’ என்ற முறை அக்காலத்தில் அந்நாட்டுத் தாதியரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. பெயரிலே தொடுகை உண்டு, செயலிலே இல்லை. நோயாளியின் உடலுக்குச் சில அங்குலம் மேலாகக் கைகளை அசைத்து, அவ்வுடலைச் சூழ்ந்த சக்தியை உணர்ந்து சீர்செய்வதாக அதைப் பயின்றோர் கூறினர். 1970களில் அதனை வகுத்தவர்களுள் ஒருவர் நியூயோர்க் பல்கலைக்கழகத் தாதியியற் பேராசிரியை டொலோறஸ் கிறீகர்.

அச்சக்தி நோயைத் தீர்க்குமா என்று பெரியோர் வாதிட்டனர். சிறுமி அதற்கு முந்திய வினாவைக் கேட்டாள்: அது கைக்குத் தெரிகிறதா?

நிமிர்த்திய அட்டைத் திரை ஒன்று. அதன் அடியில் இரு துவாரங்கள். சிகிச்சையாளர் அவற்றினூடே இரு கைகளையும் நீட்டுவார். எட்டிப் பாராதிருக்க ஒரு துவாய் அவர் கைகளை மூடியிருக்கும். அப்பால் எமிலி நாணயத்தைச் சுண்டி, விழுந்தவாறு, அவருடைய ஒரு கைக்கு மேலே 8 முதல் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர் சொல்லவேண்டும். அவ்வளவே.

முதற்சுற்றில் 15 பேர், 150 முயற்சிகள், சரியானவை 70. கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்க்கும் பாதி சரியாகுமே! அடுத்த ஆண்டில் நடந்த இரண்டாஞ் சுற்றிலே, எமிலியின் இரு கைகளின் சக்தியையும் முன்னதாக உணர்ந்து பார்த்து, தமக்குகந்த கையைத் தெரிவுசெய்யச் சிகிச்சையாளருக்கு இடமளிக்கப்பட்டது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எதிர்த்தரப்புக்கு இத்துணை தாராளம் காட்டும் ஆய்வுகள் அரியன. எனினும் 130 முயற்சிகளிற் சரியானவை 53 மட்டுமே.

1998 ஏப்ரிலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை இதனை வெளியிட்டது. எமிலிக்கு அப்போது வயது 11. தாதியான அவளுடைய தாயாரும் வேறிருவரும் கட்டுரையில் உடனெழுதினர். தாயார் முன்னரே அம்முறையை எதிர்த்தவர், சோதிக்கப்பட்டோர் 21 பேரே என்று கண்டனம் எழுந்தது. இரண்டும் உண்மையே. ஆனால் திரைக்கு முன் அமர்ந்தவர்கள் சக்தியை உணர்வதாகத் தாமே கூறியவர்கள். நாணயமோ யார் பக்கமும் சாராதது.

அன்போடு ஒருவர் அருகே நிற்பதால் நோயாளி அடையும் ஆறுதலை அந்த அட்டைத் திரை அளக்கவில்லை. அளப்பதாக அவள் சொல்லவுமில்லை.