பத்து விரல்களுக்குப் பதினொரு மோதிரம்!

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் 1946-ல் பிறந்தது. மறு ஆண்டு முதல் பட்டத்தை வென்றது பிலடெல்பியா வாரியர்ஸ் அணி. பிறகு மினியாபொலிஸ் லேக்கர்ஸின் காலம். ஜார்ஜ் மைக்கன் என்ற நெட்டை வீரரின் பலத்தில் 1949 முதல் 1954 வரை ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை அந்த அணி வாகை சூடியது.

ஆனால் ஆட்டமோ ஆமை வேகம்! முந்தி நிற்கும் அணி பந்தைக் கூடைக்கு எறியாமல் கைமாற்றியே நேரத்தைக் கடத்தும். 1950-ல் ஓர் ஆட்டம் 19-18 என்று முடிந்தது. ரசிகர்கள் சலித்துப் போனார்கள். 1954-ல் புது விதி வந்தது: பந்து கிடைத்த அணி 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். ஆட்டத்தில் விறுவிறுப்பு பிறந்தது.

அந்த வேகத்துக்கு ஏற்ற ஆளைத் தேடிப் பிடித்தார் பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் ஆர்பாக். அவர்தான் பில் ரஸ்ஸல்.

லூசியானா மாநிலத்தின் மன்ரோ நகரில் 1934-ல் பிறந்தவர் ரஸ்ஸல். கறுப்பர் குடும்பம். பிழைப்புக்காகப் பெற்றோர் கலிபோர்னியாவின் ஓக்லண்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். 12 வயதில் தாயை இழந்தார்.

பந்தை எறிந்து புள்ளி குவிப்பதைவிட, எதிரியின் எறிதலைத் தடுப்பதிலும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதிலுமே ரஸ்ஸல் மன்னர். 1957-ல் பாஸ்டன் முதல் பட்டம் பெற்றது. 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு! ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லைன் கூட 1967-ல் ஒரு முறைதான் அவரை மடக்கி பட்டம் பெற முடிந்தது.

களத்தில் கைதட்டல், வெளியே அவமானம். 1961-ல் லெக்சிங்டன் நகரில் கறுப்பின வீரர்களுக்கு ஓட்டல் உணவகத்தில் பரிமாற மறுத்தார்கள். ரஸ்ஸலும் கறுப்பினத் தோழர்களும் ஆட மாட்டோம் என்று ஊர் திரும்பினர். பாஸ்டன் அருகே அவர் வாழ்ந்த வீட்டிலும் புகுந்து, பரிசுக் கோப்பைகளை உடைத்து, சுவரில் இழிமொழி எழுதிப் போனார்கள். தாம் ஆடுவது செல்டிக்ஸுக்காக, அந்த ஊருக்காக அல்ல என்பதே அவர் நிலை.

1966-ல் ஆர்பாக் விலகியதும் ரஸ்ஸலே பயிற்சியாளரானார். லீக்கில் அப்பதவி ஏற்ற முதல் கறுப்பர் அவர். ஆடிக்கொண்டே பயிற்சியும் தந்து 1968, 1969 பட்டங்களை வென்றார். கடைசி வெற்றி லாஸ் ஏஞ்சல்ஸில். லேக்கர்ஸ் வெல்லும் என நம்பி அரங்கக் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார்கள். 108-106 என்று பாஸ்டன் ஜெயித்தது. பலூன்கள் இறங்கவே இல்லை!

பட்டம் வென்றவர்களுக்கு மோதிரம் அணிவிப்பது அங்கே வழக்கம். 13 ஆண்டுகளில் ரஸ்ஸலின் அணி வென்றது 11. ஆனாலும் 1972-ல் அவருடைய 6-ம் எண் சட்டையை அரங்கில் உயர்த்தியபோது, பார்வையாளர் யாரும் இருக்கக் கூடாது என்றார், அப்படியே நடந்தது.

2022-ல் அவர் மறைந்தார். எந்த அணியிலும் இனி யாருக்கும் 6-ம் எண்ணைப் புதிதாகத் தருவதில்லை என்று லீக் அறிவித்தது. 2024-ல் பாஸ்டன் 18-வது பட்டம் பெற்றது. அந்தப் பதினெட்டில் பதினொன்று, அந்த ஊர் ஓட்டுக்குள் சேர்க்கத் தயங்கிய ஒரு மனிதர் ஈட்டித் தந்தவை.