சாக்குப் பொடியில் ஒரு பனிமலை

ஒரு சிலேட்டில் சாக்குக்கட்டியால் பட்டையாகக் கோடு போடுங்கள். அதன்மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். நீர் பட்ட இடத்தில் கோடு மங்கிவிடும். நீர் உலர்ந்ததும் மறுபடியும் வெண்மையாகத் தெரியும். பொடி எங்கும் போய்விடவில்லை. பிறகு ஏன் மங்கியது?

சாக்குத் துகள்களுக்கு இடையே காற்று இருக்கிறது. ஒளி காற்றிலிருந்து துகளுக்குள்ளும், துகளிலிருந்து காற்றுக்கும் மாறி மாறிச் செல்லும்போது நாலாபுறமும் சிதறுகிறது. அதுவே வெண்மை. காற்றின் ஒளிவிலகல் எண் 1. சாக்குப் பொடிக்கு ஏறத்தாழ 1.5, நீருக்கு 1.33. இடைவெளியை நீர் நிரப்பினால் வித்தியாசம் குறைகிறது, சிதறலும் குறைகிறது.

ஓவியர்கள் பயன்படுத்தும் பாஸ்டல் கோலும் சாக்குக்கட்டிக்கு உறவுதான். நிறப்பொடி, சுண்ணம், மிகச் சிறிதளவு பிசின் ஆகியவற்றைப் பிசைந்து உலர்த்திச் செய்வது. எண்ணெய் வண்ணத்தில் நிறத்துகள்கள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. பாஸ்டலிலோ அவை காகிதத்தின் சொரசொரப்பில் உலர்ந்தே தங்குகின்றன. ஆகவே ஒளி நன்கு சிதறி, படம் மென்மையாக ஒளிர்கிறது. மூடுபனி வெண்மையாகத் தெரிவதும் நுண்ணிய நீர்த்துளிகளில் ஒளி சிதறுவதால்தான். பனிமூட்டத்தை வரையப் பாஸ்டல் ஏற்றது என்பதில் வியப்பென்ன!

தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். லியொனார்டோ டாவின்சி இதைத் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். காரணத்தை 1871இல் ராலே விளக்கினார். காற்று மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தைச் சுமார் 4 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. எனவே ஓவியர் அருகிலுள்ளதை அழுத்தமான நிறத்திலும், தொலைவிலுள்ளதை வெளிறிய நீலத்திலும் தீட்டி, விளிம்புகளை விரலால் தேய்த்துக் கரைக்கிறார். பனிப்பாறையின் நீலம் வேறு வகை: பனிக்கட்டி சிவப்பை உறிஞ்சிக்கொள்வதால் வருவது.

அமெரிக்க ஓவியர் ஸரியா ஃபோர்மன் இந்த நீலத்தை ஆளுயரக் காகிதங்களில் வரைகிறார். தூரிகை இல்லை, விரலும் உள்ளங்கையும்தான் கருவிகள். 2012இல் கிரீன்லாந்துக்கும், 2015இல் அண்டார்க்டிகாவுக்கும் சென்றார். 2016இல் பனிப்பரப்பை அளந்த நாசா விமானங்களில் பறந்தார். 2002 முதல் செயற்கைக்கோள்கள் எடுத்த அளவுகளின்படி, கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 25,000 கோடி டன்னுக்கு மேல் பனியை இழந்துள்ளது. இந்த எண்ணை மனத்தில் கற்பனை செய்வது கடினம். ஒரு சுவரையே நிறைக்கும் பனிப்பாறையின் முன் நின்றால், நாம் இழப்பது என்ன என்பது விளங்குகிறது.

இத்தகைய படத்தைக் காப்பதும் எளிதல்ல. பிசின் கரைசலைத் தெளித்தால் பொடி ஓரளவு ஒட்டிக்கொள்ளும். ஆனால் துகள்களின் இடைவெளி நிரம்பி நிறம் கருக்கும். சிலேட்டில் நீர் செய்த அதே வேலைதான்! எனவே படத்தைத் தொடாதபடி சற்று இடைவெளி விட்டுக் கண்ணாடி போடுகிறார்கள். சாதாரண பிளாஸ்டிக் தகடு உதவாது. நிலைமின்சாரத்தால் அது பொடியை இழுத்துவிடும்.

நீங்களும் ஒரு மலைத்தொடரை வரைந்து பாருங்கள். பொடி கீழே உதிரும். ஆகவே மேலிருந்து தொடங்குங்கள். பொடியை வாயால் ஊதாதீர்கள்; மூச்சில் கலந்துவிடும். காகிதத்தைச் சாய்த்துத் தட்டிவிட்டு, மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். எத்தனை மலைவரிசைகளை வெவ்வேறு நீலத்தில் காட்ட முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.