பீருக்கு மால்ட் அலசும் நீர் ஏன் கொதிக்கக் கூடாது?

தேயிலையை அதிக நேரம் கொதிக்கவிட்டால் நாக்கில் துவர்ப்பு ஏறும். மால்ட்டிலிருந்து வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கும் அதே பயம்தான்.

உடைத்த பார்லி மால்ட்டைச் சுமார் 66 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அதன் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். சாற்றை வடித்த பிறகும் சக்கையில் இனிப்பு தங்கியிருக்கும். அதை வெந்நீர் விட்டு அலசி எடுப்பதே ‘ஸ்பார்ஜ்’.

சூடு எதற்கு? வெல்லப்பாகு ஆறினால் கெட்டிப்படும். சூடாக இருந்தால் இளகி ஓடும். இந்தச் சாறும் அப்படித்தான்.

சூடு மிஞ்சினால்? உமியிலுள்ள டானின் கரைந்து துவர்ப்பு வரும். ஆனால் சூடு மட்டும் குற்றவாளியல்ல. ஜெர்மானிய முறை ஒன்றில் மால்ட்டின் ஒரு பகுதியைக் கொதிக்கவே வைக்கிறார்கள். கலவை அமிலத்தன்மையோடு இருப்பதால் துவர்ப்பதில்லை. அலச அலச அமிலம் நீர்த்து, பிஹெச் 6-ஐ நெருங்கும்போதுதான் சூடு ஆபத்தாகிறது. அதனால் சக்கையின் வெப்பம் 77-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஊற்றும் நீரின் சூடு வேறு, சக்கையின் சூடு வேறு. 5 கிலோ மால்ட், அது உறிஞ்சிய 5 லிட்டர் நீர், இரண்டும் 66 டிகிரியில் இருக்கின்றன. 77 டிகிரியில் 10 லிட்டர் ஊற்றினாலும் கலவை 72 டிகிரி அளவில்தான் நிற்கும். ஆகவே, தெர்மாமீட்டரைக் கெட்டிலில் மட்டுமல்ல, சக்கையின் நடுவிலும் செருகிப் பாருங்கள்.