புதுப் பெட்டிக்கு வேனைத் தெரியாது

மின்னோட்டம் – 9

பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் காலையில் சரக்கு இறக்கும் வேனோட்டிக்கு வேகம் ஒரு பொருட்டே அல்ல. அவர் பார்ப்பது வளைவைத்தான். இரண்டு கார்களுக்கு நடுவே பாதி நுழைத்து, பின்னால் எடுத்து, மறுபடியும் கடைசிவரை ஒடித்து, கூடையில் மல்லிகை வாடுவதற்குள் கடை வாசலில் நிறுத்தியாக வேண்டும். வண்டி நகராமல் நிற்கும்போது சக்கரத்தை ஒடிப்பதுதான் ஸ்டியரிங்குக்குப் பெரிய வேலை. மின் வேன் என்றால் பேட்டரியின் கனமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பாரம் ஓட்டுபவரின் கைக்குத் தெரிவதே இல்லை. தெரியவருகிற நாளில் டேஷ்போர்டில் ஸ்டியரிங் படமும் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் எரிந்துகொண்டிருக்கும்.

“ஸ்டியரிங் லாக் ஆகிவிட்டது” என்று பதறுவார்கள். பெரும்பாலும் லாக் ஆகியிருக்காது, கனத்துப் போயிருக்கும். இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான வேன்களில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டு நேராக இணைந்தே இருக்கிறது. உதவிக்கு வந்த மோட்டார் கைவிட்டாலும் தண்டு கைவிடாது. ஐ.நா.வின் 79ஆம் எண் வாகன விதி இதற்கு ஓர் அளவே வைத்திருக்கிறது: சிறு சரக்கு வேனில் உதவி அறுந்த நிலையிலும், திருப்பத் தேவைப்படும் விசை 300 நியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய 30 கிலோவைத் தூக்கும் பலம். ஒரு தடவை திருப்ப அது போதும். நாள் முழுக்க நாற்பது கடை ஏறி இறங்குகிறவரின் தோள்பட்டைக்கு அது தண்டனை.

இந்த உதவி முதலில் எண்ணெயாக வந்தது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926இல் ஓட்டிக் காட்டியதை, 1951இல்தான் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் சுழல, பெல்ட் சுழல, பம்ப் எண்ணெயைத் தள்ளும். 1988இல் சுசூக்கி செர்வோ எண்ணெயை விட்டுவிட்டு மின் மோட்டாருக்கு வந்தது. மலேசியாவில் இதைச் சாதாரணக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்திய வண்டிகளில் 2005இல் வந்த மைவிக்கு முக்கிய இடம் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘ஈ.பி.எஸ். (மின் ஸ்டியரிங் உதவி) லைட்’ என்றால் விளக்கம் தேவைப்படாததற்கு மைவியும் ஒரு காரணம். மின் வேனில் எஞ்சினே கிடையாது, எனவே பெல்ட்டும் இல்லை. மின் மோட்டார்தான் இயல்பான வழி.

இந்த மின் உதவியை ஆளும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? ஸ்டியரிங் தண்டின் நடுவே மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. கை திருப்பும்போது அது சில பாகை மட்டும் முறுகும். அந்த முறுக்கை உணரி அளந்து சொல்ல, பெட்டியில் இருக்கும் சிறு கணினி வண்டியின் வேகத்தையும் கேட்டுக்கொண்டு, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் விடலாம் என்று முடிவு செய்யும். நின்றால் அதிகம், நெடுஞ்சாலையில் குறைவு. நின்றபடி முழுக்க ஒடித்தால் பல பத்து ஆம்பியர் ஒரே மூச்சில் இழுக்கும். சிறு வேன்களில் இது வருவது கீழே கிடக்கும் பெரிய பேட்டரியிலிருந்து நேராக அல்ல, சாதாரணக் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் சிறு பேட்டரியின் வழியாக. இதை மறந்துவிட்டால்தான் பணம் தண்டமாகும்.

மலேசியாவில் மெக்கானிக்கை யாரும் மெக்கானிக் என்று கூப்பிடுவதில்லை, ‘ஃபோர்மேன்’ என்பார்கள். மலாயில் அது ‘போமென்’ ஆகிவிட்டது. அவசரக்கார ஃபோர்மேன் ஸ்கேனரைச் செருகுவார், திரையில் கோளாறு எண் வரும். “அண்ணே, கம்ப்யூட்டர் போச்சு, மாத்தணும்.” நல்ல ஃபோர்மேன் அந்த எண்ணைக் காகிதத்தில் குறித்து வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுப்பார். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்ட வேண்டும். வண்டி ஓடத் தயாரானதும் 14க்குப் பக்கத்தில் ஏற வேண்டும். ஏறவில்லையா, பெரிய பேட்டரியிலிருந்து சிறியதற்கு ஊட்டும் மாற்றியில் கோளாறு. ஏறி, ஸ்டியரிங்கை ஒடித்ததும் சட்டென்று சரிகிறதா, பேட்டரியோ எர்த்து ஒயரோ சரியில்லை. எர்த்து நட்டைக் கழற்றினால் சில நேரம் பச்சைப் பூஞ்சை போல் துரு ஒட்டியிருக்கும். உப்புத்தாள் வைத்து ஐந்து நிமிடம் தேய்த்தால் தீர்ந்துவிடுகிற இந்தக் கோளாறுக்குப் புதுப் பெட்டியின் விலையைக் கட்டியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

பெட்டியே போவதும் உண்டு. 2025 பிப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் ஏறத்தாழ 3,76,000 மாடல் 3, மாடல் ஒய் கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்டியரிங் உதவியின் சர்க்யூட் பலகை மிகை மின்னழுத்தத்தில் அடிபடுகிறது என்பது காரணம். தீர்வாக அனுப்பியது இணையம் வழியே ஒரு மென்பொருள். அதே நிறுவனம் 2018இல் 1,23,000 மாடல் எஸ் கார்களை அழைத்ததும் ஸ்டியரிங்குக்காகத்தான். அப்போது குற்றவாளி, சாலையில் தூவும் உப்பில் அரித்த போல்ட்டு. ஏழே ஆண்டில் மருந்து ஸ்பேனரிலிருந்து மென்பொருளுக்கு மாறிவிட்டது.

மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானபின், கைவேலை அரை நாள்கூட இல்லை. சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டியரிங்கை சீட் பெல்ட்டால் இறுகக் கட்டுவார்கள். கட்டாமல் தண்டைக் கழற்றி, ஸ்டியரிங் தன்பாட்டுக்குச் சுற்றிவிட்டால், ஏர்பேக்குக்குப் போகும் சுருள் நாடா உள்ளே அறுந்துவிடும். பிறகு 12 வோல்ட்டின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நிமிடம்வரை காத்திருக்க வேண்டும். ஆரஞ்சு நிற ஒயரின் பக்கம் கை போகும் என்றால் உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் பிளக்கையும் எடுத்தாக வேண்டும். அதற்குப் பயிற்சி இல்லாதவர் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது உயிருக்கு நல்லது. பெட்டிக்கு வருபவை, தடித்த மின் ஒயரும் மெல்லிய சிக்னல் ஒயர்களும்தான். சாக்கெட்டின் கொக்கியை நெம்பாமல் அழுத்தி இழுத்தால் வந்துவிடும்.

புதிதை மாட்டி முடித்து வண்டியை எழுப்பினால், அதே விளக்கு அப்படியே எரியும். இங்கேதான் பலர் திகைத்து நிற்கிறார்கள். புதுப் பெட்டிக்குத் தான் எந்த வேனில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாது. வண்டியின் சேசிஸ் எண்ணை அதற்கு எழுத வேண்டும். எந்த ரகம், எவ்வளவு எடைக்கு எவ்வளவு உதவி என்ற கணக்கை ஏற்ற வேண்டும். முறுக்கு உணரிக்கு ‘இதுதான் பூஜ்யம்’ என்றும், கோண உணரிக்கு ‘இதுதான் நேர்’ என்றும் சொல்லித்தர வேண்டும். பூஜ்யம் சற்றே பிசகினால்கூட, கையை எடுத்ததும் வேன் ஒரு பக்கமாக ஒதுங்கலாம். இவ்வளவும் நிறுவனத்தின் லேப்டாப்பும் கடவுச்சொல்லும் இல்லாமல் பெரும்பாலும் நடக்காது.

கிள்ளான் பட்டறைகளின் பழைய பலம் இந்த இடத்தில்தான் செல்லாக்காசாகிறது. ஜப்பானில் பாதியாக வெட்டிய கார்கள், ‘ஹாஃப்-கட்’ என்ற பெயரில் கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கும். எஞ்சினோ கியர்பாக்ஸோ அதிலிருந்து எடுத்து மாட்டினால், அது எந்த வண்டியில் பிறந்தோம் என்று கேட்காது. செந்தூல் ரயில்வே பட்டறைக் காலம் தொட்டு இங்குள்ள தமிழர்களின் கைத்தொழில் அப்படி வளர்ந்ததுதான். தேய்ந்ததைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவலாம். பெட்டியோ பழைய வண்டியின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு புது வண்டியோடு பேச மறுக்கிறது. இன்னொரு பயமும் உண்டு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரைவரை மூழ்கின. முன்சக்கரங்களுக்கு நடுவே தாழ்வாகப் பொருத்திய ஸ்டியரிங் மோட்டாருக்குள் அப்படி ஒருமுறை தண்ணீர் புகுந்தால், வெளியே துடைத்துப் பளபளப்பாக்கி விற்றாலும், உள்ளே செம்பு அரிக்கத் தொடங்கியிருக்கும். ஸ்டியரிங் விஷயத்தில் செகண்ட் ஹேண்ட் பெட்டி வேண்டவே வேண்டாம் என்பது இத்தொடரின் கட்சி.

அப்படியானால் லேப்டாப்பின் கதவை யார் திறப்பது? ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல், கார்களுக்கும் சிறு சரக்கு வேன்களுக்கும் பழுதுபார்க்கும் தகவலை நியாயமான விலைக்கு வெளிப் பட்டறைகளுக்கும் விற்றாக வேண்டும் என்று சட்டம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இலேயே மக்கள் ஓட்டுப்போட்டு இந்த உரிமையை வாங்கிக்கொண்டார்கள். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலம்வரை கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அந்தச் சட்டம் காப்பது வீட்டுக்கும் சொந்தத் தேவைக்கும் வழக்கமாக வாங்கும் பொருளை. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் துணி மூட்டை இறக்கும் சரக்கு வேன் அந்த வரையறைக்குள் அடங்குமா என்பது வாதத்துக்கு உரியது. வேனை நம்பிப் பிழைக்கும் சிறு வியாபாரிக்குத்தான் இந்தப் பிரிவு அதிகம் தேவை, அவருக்குத்தான் அது கைக்கு எட்டுவது சந்தேகம்.

போஸ் மலேசியா போன்ற பெரிய நிறுவனங்கள் மின் வேன் வாங்கும்போது பராமரிப்பையும் சேர்த்துப் பேரம் பேசிக்கொள்ள முடியும். ஒற்றை வேன் வைத்திருப்பவர் அதையே சின்ன அளவில் செய்யலாம். வாரண்டி முடிந்தபின் இந்தப் பெட்டிக்கு எண் எழுதித் தருவது யார், என்ன கூலி என்று வாங்கும் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள். வண்டி ஏற்கெனவே கையில் இருந்து, ஸ்டியரிங் விளக்கும் எரிகிறது என்றால், பெட்டிக்குச் சம்மதிக்கும் முன் ஃபோர்மேனிடம் மூன்று எண்கள் கேளுங்கள்: ஓய்வில் எத்தனை வோல்ட், வண்டி தயாரானதும் எத்தனை, முழுக்க ஒடிக்கும்போது எத்தனை. மூன்றையும் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

(தொடரும்)